வண்டி மை

பரீது தன் அண்ணன் அப்துல் மஜீதுக்குத் தரவேண்டியிருந்தது நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய். அண்ணனுடைய ஒரு ஜோடிக் காளையும் ஒரு பாரவண்டியும் விற்ற காசு அது. அதோடு தன் கையில் இருந்ததையும் போட்டு, பட்டாளத்து ஏலத்தில் வெளியே வந்த பழைய பிக்கப் வண்டி ஒன்றைப் பரீது மதுரையில் ஒருவரிடம் வாங்கினார். முன்னால் மூன்று பேர் உட்காரலாம், பின்னால் மேல்மூடி இல்லாத தொட்டி. பச்சைப் பெயிண்ட் உரிந்த இடத்திலெல்லாம் உள்ளே இன்னொரு பச்சை தெரியும். தென்காசியில் எல்லாரும் அதை வேன் என்றே சொன்னார்கள்.

காசைத் தரவேண்டும் என்று பரீது நினைத்துக்கொண்டே இருந்தார். கேட்கவேண்டும் என்று மஜீது அண்ணாச்சி நினைத்ததே இல்லை. அதனால் அந்தக் கடன் யாருக்கும் தொந்தரவு கொடுக்காத ஒரு கிழடு மாதிரி வீட்டில் ஒரு மூலையில் கிடந்தது.

நான் அந்த வேனில் சுமை ஏற்றி இறக்குகிற ஆள். மாடன் என்று பேர். அதற்கு முன்னால் மஜீது அண்ணாச்சியின் மாட்டுவண்டிக்கும் நான்தான் மூட்டை ஏற்றினேன். தென்காசிக் கடைத்தெருவில் இருந்து கைலிச் சாரமும் அரிசியும் செங்கோட்டைக்கு, ஆரியங்காவுக்கு. அங்கிருந்து பாக்கும் நல்லமிளகும் இங்கே. செங்கோட்டை மலையாளச் சீமையில் இருந்தபோது சுங்கச்சாவடியில் அரைநாள் நிற்போம். அது நம்ம பக்கம் வந்து இரண்டு வருஷம் ஆனபோதுதான் வேனை வாங்கினார்கள். நிற்கிற வேலை மிச்சம். என் தோளுக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. மூட்டை மாட்டுவண்டிக்கும் அதே கனம், மோட்டார் வண்டிக்கும் அதே கனம்.

மஜீது அண்ணாச்சிக்குப் பெண்டாட்டி இல்லை, காலராவில் போய்விட்டாள். பிள்ளையும் இல்லை. தம்பி வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை. வேன் வந்தபிறகு அவருக்கு வேலை என்று ஒன்று இல்லை. ஆனாலும் காலையில் என்னோடு பின்தொட்டியில் ஏறி, முன்கூண்டின் கூரையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வருவார்.

"முன்னால உக்காருங்கண்ணே" என்பார் பரீது.

"கண்ணாடிக்குள்ள உக்காந்தா பொம்மைக்கடை பொம்மை மாதிரி இருக்கு. நான் இங்கன நின்னுக்கிடுதேன். நீ ரோட்டைப் பாரு."

சித்திரை மாதத்தில் இருந்து வேனின் முன் இடது சக்கரம் கத்த ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தால் போதும், கீச்சென்று பல்லைக் கூசவைக்கிற சத்தம். ரயில்வே கேட்டுக்கு முன்னால் டீக்கடையில் பழைய வண்டிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சக்கரம் கத்தினால் அவர்களுக்குக் கொண்டாட்டம்.

"என்னவே மஜீது, காளையை வித்துட்டுக் கழுதை வாங்கிட்டீரா. தூரத்துல வரும்போதே கேக்கு."

"நீரு ஓட்டுன காலத்துல உம்ம வண்டி வந்ததே தெரியாதுவே. மாட்டுச் சலங்கை மட்டுந்தான் கேக்கும்" என்பார் இன்னொருவர்.

அண்ணாச்சிக்கு முகம் கறுத்துவிடும். வண்டிக்காரர்களுக்குள் ஒரு வழக்கு உண்டு. சக்கரம் கத்தினால் அச்சுக்கு மை போடாத சோம்பேறி என்று அர்த்தம். அந்த வண்டிக்குப் பாரம் கொடுக்கவே யோசிப்பார்கள். அவர் காலத்தில் ராத்திரி எவ்வளவு அசந்து வந்தாலும் மூங்கில் குழாயில் இருந்து மையை எடுத்து அச்சில் தடவிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார்.

"ஏலே பரீது, அந்தச் சக்கரத்தைக் கொஞ்சம் பாக்கப்படாதா. தெருவே சிரிக்கி."

"அது ஒண்ணுமில்லண்ணே. சாரல் முடியட்டும். மெக்கானிக் ஏசுதாசன்கிட்ட விட்டு லைனிங்கை மாத்திருவோம். இப்ப வண்டியை நிறுத்தினா சீசன் போயிரும்."

ஆனி பிறந்து சாரல் நன்றாக விழுந்தது. குற்றாலத்தில் கூட்டம். எங்களுக்கு ஐந்தருவிக்கு மேலே தோட்டத்தில் இருந்து மங்குஸ்தான் கூடைகளைத் தென்காசி ரயிலுக்குக் கொண்டுவருகிற வேலை. தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் நம்பிராஜன். பழம் பறித்த அன்றைக்கே ரயில் ஏறவேண்டும் அவருக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சக்கரம் கத்தவில்லை. ரயில்வே கேட்டில் பரீது மிதித்தார், வேன் சத்தமில்லாமல் நின்றது. டீக்கடையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மஜீது அண்ணாச்சி கூரையைப் பிடித்திருந்த கையை எடுத்து மீசையைத் தடவினார்.

அன்றைக்குப் பரீதின் மனைவி ஜைனப்பும் எங்களோடு வந்தாள். அவள் வீட்டில் தறிக்காரர்களுக்கு தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுக்கிறவள். உட்கார்ந்தே இருந்து இடுப்பு பிடித்துக்கொண்டது, அருவியில் ஒரு தடவை தலையைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று முன்கூண்டில் ஏறிக்கொண்டாள். குளித்துவிட்டு ஈரத்தலையில் துண்டைச் சுற்றி, அதன் மேல் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். நானும் அண்ணாச்சியும் பதினாறு கூடை ஏற்றிக் கயிறு போட்டோம். சாரல் தூவிக்கொண்டே இருந்தது.

இறக்கத்தில் வரும்போது எண்ணெய் தேய்த்த உடம்போடு ஒரு கூட்டம் ரோட்டைக் கடந்தது. பரீது பிரேக்கை மிதித்தார். வேன் நிற்பதற்குப் பதிலாக யாரோ மூக்கணாங்கயிற்றைப் பிடித்துச் சுண்டிய மாதிரி வலதுபக்கம் திரும்பியது. மண்மேட்டில் ஏறி, ஒரு பலாமரத்தில் சாய்ந்து நின்றது. இரண்டு கூடை கவிழ்ந்து பழமெல்லாம் ரோட்டில் உருண்டது. நான் கூடைகளுக்கு நடுவே கிடந்தேன். அண்ணாச்சி எப்போது குதித்தார் என்று தெரியாது. போய் முன்கதவைத் திறந்தார்.

ஜைனப்பின் நெற்றி முன்பலகையில் இடித்திருந்தது. கண்ணுக்கு மேலே எலுமிச்சங்காய் அளவுக்கு வீக்கம்.

"ஜைனபு, தாயி, கண்ணு தெரியுதா. என்னைப் பாரு" என்றார் அண்ணாச்சி.

"எனக்கு ஒண்ணுமில்ல மச்சான். முதல்ல கொரங்கைப் பாருங்க."

நிஜம்தான். குரங்குகள் ஒரு பட்டாளமாக இறங்கிவிட்டன. எண்ணெய் தேய்த்த ஆட்களில் ஒருவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஓட்டுதவரே, கண்ணை அருவியிலயே விட்டுட்டு வந்துட்டீரா" என்றார். பரீது ஸ்டீரிங்கைப் பிடித்த கை பிடித்தபடி இருந்தது.

கை பிரேக்கை நம்பி, முதல் கியரில், நடக்கிற வேகத்தில் தென்காசிக்கு வந்தோம். நான் கையில் ஒரு கட்டையோடு சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தேன். மீந்த கூடைகளை ரயிலில் ஏற்றினோம். நம்பிராஜன் பரீதின் முகத்தைப் பார்க்காமல் கூடைகளைப் பார்த்துப் பேசினார்.

"ரெண்டு கூடை போனது போட்டும். நாளைக்கு ஞாயித்துக்கெழம... இல்ல, நாளைக் கழிச்சு ஞாயிறு. அன்னைக்குக் காலையில வண்டி தோட்டத்துக்கு வரணும். வரலேன்னா செங்கோட்டைக்காரன் லாரியை வச்சுக்கிடுவேன். வருத்தப்படாதீரும். பழம் உம்ம பிரேக்குக்காகக் காத்துக் கெடக்காதுல்லா."

ஏசுதாசனின் கொட்டகை கடையம் போகிற ரோட்டில், பஸ் நிற்கிற புளியமரத்தடியில் இருந்தது. ஓலைக்கூரை, மண்தரை, நடுவே ஒரு பட்டறைக்கல். அவர் யுத்தத்தின்போது பட்டாளத்து ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தவர். வேனை ஜாக்கி வைத்துத் தூக்கினார், சக்கரத்தைக் கழற்றினார், மேலே மூடியிருந்த டிரம்மை மரச்சுத்தியால் தட்டித் தட்டி இழுத்தார்.

டிரம் வந்ததும் ஒரு வாசமும் வந்தது. உள்ளே பிறைவடிவத்தில் இரண்டு ஷூ, அதன் மேல் ஆணி அடித்துப் பதித்த லைனிங், பிரேக்கை மிதித்தால் டிரம்மை உரசிப் பிடிக்கிற பட்டை. எல்லாவற்றின் மேலும் கறுப்பாக, கொழகொழவென்று ஒரு பூச்சு.

ஏசுதாசன் விரலால் தொட்டு மோந்து பார்த்தார். "இது கிரீசு இல்லையே. கிரீசு நாத்தம் வேற. இது வெளக்கெண்ணெய்ல்லா. கரியும் கெடக்கு."

எனக்கு அவர் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது. வைக்கோலைச் சுட்டுக் கரியாக்கி விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மை. எத்தனை வண்டிக்கு மூட்டை ஏற்றியிருக்கிறேன், அந்த வாசம் தெரியாதா. பரீதுக்கும் தெரிந்துவிட்டது. அவர் அந்த மையின் வாசத்திலேயே வளர்ந்தவர். ஒரு தடவை திரும்பி, புளியமரத்தடியில் நின்ற அண்ணனைப் பார்த்தார். பிறகு ஏசுதாசனைப் பார்த்தார்.

"சீலு போயிருக்கும் ஏசுதாசா. உள்ள அச்சுல இருந்து எண்ணெய் கசிஞ்சிருக்கும்."

ஏசுதாசன் அவர் முகத்தைப் பார்த்தார். விரலைத் துணியில் துடைத்தார். "ஆமா. சீலுதான். சீலு போனா இப்பிடித்தான் ஆகும்."

"கரி?" என்று நான் வாயை விட்டேன்.

"அது டிரம்மு தேஞ்ச கரிலே. உனக்கு என்ன தெரியும், சும்ம கெட."

மஜீது அண்ணாச்சி மரத்தடியில் இருந்து கிட்டே வந்தார். "அந்தச் சீலு என்ன வெலை?"

"அது என்ன, முக்கா ரூவா வரும்."

"நான் தாரேன், மாத்தும். எங்க, கெட்டுப்போன சீலைக் காட்டும் பாப்போம்."

ஏசுதாசனுக்கு வேறு வழி இல்லை. மெதுவாக அதைக் கழற்றி எடுத்தார். தோல் வளையம். கிழியாமல், ஓரம் மடங்காமல் இருந்தது. நாலு பேரும் அதைக் குனிந்து பார்த்தோம், முதல் தடவை பார்க்கிற மாதிரி.

"இது நல்லாத்தான இருக்கு" என்றார் அண்ணாச்சி.

ரோட்டில் ஒரு வைக்கோல் வண்டி போனது.

"டிரம்முல ஒரு சின்ன ஓட்டை இருக்குல்லா" என்றார் அண்ணாச்சி. "மை போடத்தான் அந்த ஓட்டையை விட்டிருக்கான்னு நெனச்சேன். வியாழக்கெழம சாயங்காலம் நாந்தான் ஊத்துனேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பரீது, "அண்ணே" என்று கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை.

பொழுது சாய்ந்தபோது நானும் பரீதும் வீட்டுக்குப் போனோம். ஜைனப் நெற்றியில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டிருந்தாள். மரச்சீனிக் கிழங்கை அவித்து வைத்து, சாளைக் கருவாட்டுக் குழம்பும் கூட்டியிருந்தாள். எனக்கும் ஒரு தட்டு வந்தது. மஜீது அண்ணாச்சியின் தட்டு தொடாமல் இருந்தது. அவர் தன் தகரப்பெட்டியில் இரண்டு சாரத்தையும் ஒரு பனியனையும் தொப்பியையும் வைத்துக்கொண்டிருந்தார். மூங்கில் மைக்குழாயையும் எடுத்தார், பார்த்தார், பெட்டிக்கு வெளியே வைத்தார்.

"கடையத்துக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்" என்றார், தம்பியைப் பார்க்காமல். "அங்கன ஒரு ஒத்தைமாட்டு வண்டி வெலைக்கு வருதாம். எனக்குத் தெரிஞ்ச வேலையைப் பாக்கேன். பரீது, அந்த நானூத்திப் பன்னெண்டைக் குடுத்துரு."

ஒரு நாளும் கேட்காத ஆள் கேட்டுவிட்டார். பரீது கையில் எடுத்த கிழங்கைத் தட்டில் போட்டார்.

"எங்கிட்ட ஏதுண்ணே ரூவா. இருக்கிறதெல்லாம் அந்தப் புளியமரத்தடியில தூக்கி வச்சிருக்கில்லா. அதை வித்தாத்தான் உண்டு."

"வித்துக் குடு."

"பிரேக் இல்லாத வண்டியை யாரு வாங்குவா?"

"பிரேக் இல்லாம ஆக்கினது நான். அதுக்கும் கழிச்சுக்கிட்டு மிச்சத்தைக் குடு."

"நான் ஒரு வார்த்தை சொன்னனாண்ணே? உங்களை ஒண்ணு கேட்டனா?"

"நீ சொல்லலடே. சொல்லாம சீலு போச்சுன்னு மறைச்சியே, அதான். சின்னப்பிள்ளை ஒண்ணுக்குப் போனதைப் பெரியவங்க மறைக்கித மாதிரி மறைச்சே."

ஜைனப் குழம்புச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு வந்து, பெட்டிக்கும் வாசலுக்கும் நடுவே உட்கார்ந்தாள்.

"மச்சான், ஒண்ணு கேக்கேன். அந்தச் சக்கரம் எதுக்குக் கத்துச்சு?"

"எனக்கு என்ன தெரியும் தாயி. தெரிஞ்சா ஊத்துவனா."

"இவுகளைக் கேளுங்க. லைனிங் தேஞ்சு ஆணி டிரம்முல ஒரசுச்சு, அதான் கத்துச்சு. ஏசுதாசன் அண்ணன் சித்திரையிலயே மாத்தச் சொல்லிட்டாக. இவுகதான் சாரல் முடியட்டும், சாரல் முடியட்டும்னு ஓட்டுனாக. நீங்க அது வாயை அடைச்சிய, அவ்வளவுதான். என் நெத்தி வீங்கினதுக்கு நீங்க வீட்டை விட்டுப் போவணும்னா இவுகளும் போவணும். ரெண்டு பேரும் போயிட்டா நான் அந்த ஐந்தருவிக் கொரங்குகளோடயா குடும்பம் நடத்த?"

எனக்குச் சிரிப்பு வந்து கருவாட்டு முள் தொண்டையில் மாட்டிக்கொண்டது. பரீது என் முதுகில் தட்டினார். அண்ணாச்சியின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. ஆனாலும் அவர் பெட்டியைப் பூட்டினார்.

"வீக்கம் கண்ணுக்கு ஒரு விரக்கடை மேல இருக்கு ஜைனபு" என்றார். "ஒரு விரக்கடை கீழ பட்டிருந்தா? அதை நெனச்சா எனக்கு இங்கன சோறு எறங்காது. காலையில மொத பஸ்ஸுக்குப் போறேன்."

ஜைனப் அவருடைய தட்டை மூடிவைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் நானும் பரீதும் கொட்டகைக்குப் போனோம். ஏசுதாசன் நாலு சக்கரத்தையும் கழற்றியிருந்தார். மண்ணெண்ணெய்ச் சட்டியை என் கையில் தந்தார். டிரம்மில், தகட்டில், ஸ்பிரிங்கில் இருந்த மையை எல்லாம் துணி வைத்து வழித்தேன். வழிக்க வழிக்க வந்தது. வண்டிக்காரர் கை மை, தாராளமாகத்தான் ஊற்றியிருந்தார்.

"இந்த லைனிங்கையும் மண்ணெண்ணெயில கழுவிப் போட்டா ஆகாதா?" என்று பரீது கேட்டார்.

"எண்ணெய் குடிச்ச லைனிங்கு கள்ளுக் குடிச்சவன் மாதிரி. குளிப்பாட்டலாம், நிதானத்துக்கு வராது. சூடு ஏறுனா உள்ள குடிச்சதைக் கக்கும். போடும் அந்தக் குப்பையில."

"முன்னால இடது பக்கம் மட்டுந்தான கெட்டது?"

"ஒத்தைச் சக்கரத்துக்குப் புதுசு போட்டா நேத்து மாதிரியே ஒரு பக்கமா இழுக்கும். மாத்துனா ஜோடியாத்தான் மாத்தணும். உம்ம வண்டிக்கு நாலும் தேஞ்சுதான் இருக்கு. காசு இருக்கும்போது தாரும், நான் எங்கயும் ஓடிப்போகல."

ஒரு மரப்பெட்டியைத் திறந்து இரண்டு தினுசு லைனிங் எடுத்துப் பட்டறைக்கல்லில் வைத்தார். ஒன்று கறுப்பு, ஷூவின் வளைவுக்கே அச்சில் வார்த்தது, கட்டியான ஓடு மாதிரி இருந்தது. இன்னொன்று பட்டையாகச் சுருட்டி வைத்தது, மஞ்சளும் காவியும் கலந்த நிறம். அட்டைப்பெட்டிகளின் மேல் என்னவோ எழுதியிருந்தது. எனக்கு அந்தக் காலத்தில் எழுத்துத் தெரியாது, பரீதுக்கு இங்கிலீஷ் தெரியாது.

"கறுப்பு ரெண்டு வருசம் வரும்" என்றார் ஏசுதாசன். "சுருட்டி வச்சிருக்கது அடுத்த சாரலுக்குள்ள தேஞ்சிரும். வெலை கறுப்புக்குக் கொஞ்சம் கூட."

"அப்ப கறுப்புதான்" என்றார் பரீது உடனே. "வருசா வருசம் வண்டியைத் தூக்கி நிறுத்த முடியாது."

"முழுசாக் கேளும்வே. உம்ம டிரம்மு உள்ள வரிவரியா அறுத்துக் கெடக்கு. கறுப்பு அதுல படிஞ்சு முழுசாப் பிடிக்கதுக்கு ஒரு மாசம் ஆகும். அது வரைக்கும் பாதிப் பிடிதான். இந்தச் சுருள் மெதுவு. போட்ட அன்னைக்கே படிஞ்சிரும்."

"ஒரு மாசம் பாத்து ஓட்டுனாப் போச்சு."

அப்போது ஜைனப் தூக்குச்சட்டியில் பழைய சோறும் துவையலும் கொண்டுவந்தாள். அவளுக்குப் பின்னால் பத்தடி தள்ளி மஜீது அண்ணாச்சி தகரப்பெட்டியோடு வந்தார். பஸ் நிற்கிற மரமும் கொட்டகை மரமும் ஒன்றுதான், வேறு எங்கே போய் நிற்பது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

ஜைனப் தூக்குச்சட்டியை வைத்துவிட்டுச் சுருளைக் கையில் எடுத்தாள். கொஞ்சம் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். விரலால் குறுக்கே தடவினாள், நெடுக்கே தடவினாள்.

"இது நெய்ததுல்லா" என்றாள். "பாவும் ஊடையும் இருக்கு. நூலோட பித்தளைக் கம்பியை முறுக்கிப் போட்டிருக்கான். சரிகைச்சேலை மாதிரி. மாடா, இங்க பாரேன்."

பார்த்தேன். திருப்பினால் உள்ளே பொன்கம்பி மினுங்கியது.

"நெருக்கமான நெசவு" என்றாள். "இதையே போடுங்க. இவ்வளவு நெருக்கமா நெய்தது சீக்கிரம் நைந்துபோகாது."

"நைந்துபோகும் மதினி. அதான் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார் ஏசுதாசன்.

"அப்ப நைந்துபோகாததைத்தான் போடணும்" என்றார் பரீது.

மரத்தடியில் இருந்து குரல் வந்தது. முதுகு திரும்பவில்லை.

"தேயாத கட்டை பிடிக்குமாடே?"

எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்தோம்.

"என்னண்ணே சொல்லுதிய?"

"ஆரியங்காவு இறக்கத்துல வண்டிக்குப் பின்னால குறுக்க ஒரு கட்டையைக் கயித்துல கட்டி இறுக்குவோம்லா, சக்கரத்து இரும்புப் பட்டாவுல ஒரசிக்கிட்டு வர. நீ சின்னப்பையன், பாத்திருக்கமாட்ட. மாடன் பாத்திருக்கான்."

"நாந்தான அண்ணாச்சி கயித்தை இறுக்குவேன்" என்றேன்.

"அதுக்கு வைரம் பாய்ஞ்ச கட்டையைக் கட்டுனா மழைல வழுக்கும். மாடு ரெண்டும் பாரத்தோட பள்ளத்துக்குப் போகும். இளங்கட்டைதான் பிடிக்கும். அடிவாரத்துக்கு வரும்போது பாதி தேஞ்சிருக்கும். தேஞ்சாத் தேயட்டும்னு தூரப் போட்டுட்டு வேற வெட்டிக்கிடுவோம். அது தேஞ்சாத்தான் நமக்கு உசிரு." கொஞ்சம் நிறுத்தினார். "அந்தக் கட்டை போடுத சத்தம் இருக்கே, மலையே கேக்கும். கத்துச்சுன்னா பிடிக்குதுன்னு அர்த்தம். அதுல போய் ஒருத்தன் மை..."

மெதுவாகத் திரும்பினார். பட்டறைக்கல்லில் கிடந்த ஷூவைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார், எழுந்து வந்தார். ஷூவை எடுத்து டிரம்முக்குள் வைத்து இப்படியும் அப்படியும் உரசிப் பார்த்தார்.

"ஏசுதாசா, இது அச்சு இல்லை. கட்டை."

"கட்டைதான் அண்ணாச்சி. உள்ள இருந்து அமுக்குத கட்டை."

"அப்ப இவ்வளவு நாளும் கத்துனது அச்சுக் கத்தல் இல்ல. கட்டைக் கத்தல்."

"ஆமா."

"கட்டைக் கத்தலுக்கு நான் மை போட்டிருக்கேன்." அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு வயிற்றில் இருந்து ஒரு சிரிப்பு வந்தது. இருமலும் சிரிப்பும் கலந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஏலே மாடா, ஆரியங்காவுல எவனாவது இப்பிடிச் செஞ்சிருந்தா அவனை நான் செருப்பால அடிச்சிருப்பேன்லே."

"அடிச்சிருப்பிய அண்ணாச்சி" என்றேன்.

கடையம் பஸ் புழுதி இல்லாத ஈரரோட்டில் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி, "பெரியவரே, பெட்டி ஒம்மதா, ஏறுதீரா" என்று கேட்டார்.

"ஒரு வேலை கெடக்கு, நீரு போம்" என்றார் அண்ணாச்சி. ஷூ அவர் கையில் இருந்தது.

பஸ் போனது. தகரப்பெட்டி அங்கேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஜைனப் அதன் மேல் உட்கார்ந்து எங்களுக்குச் சோறு பிசைந்து உருண்டையாகக் கையில் தந்தாள்.

அன்று முழுவதும் வேலை. பழைய லைனிங்கின் ஆணிகளை உளியால் தட்டி எடுத்தோம். ஏசுதாசன் சுருளை அளந்து அறுத்தார், ஷூவின் ஓட்டைக்கு நேராகத் துளை போட்டார். ஆணியின் தலை லைனிங்குக்குள் முங்கி இருக்கவேண்டும், மேலே தெரிந்தால் டிரம்மை அறுக்கும். நடுவில் முதல் ஆணி, பிறகு இரண்டு பக்கமும் ஓரத்தை நோக்கி. ஓரத்தில் ஆரம்பித்தால் நடுவில் வயிறு தள்ளும் என்றார். அண்ணாச்சி ஷூவைப் பட்டறைக்கல்லில் அசையாமல் பிடித்தார். மாட்டுக்கு லாடம் அடிக்கும்போது காலைப் பிடிக்கிற பிடி. நான் சுத்தியால் அடித்தேன். பரீது நீட்டிய கையில் பித்தளை ஆணிகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தந்தார்.

"லே, பாத்து அடி. எம் பெருவிரல் அங்கன இருக்கு."

"விரல் போனா ஜோடியாத்தான் மாத்தணும் அண்ணாச்சி."

"வாயைப் பாரு இவனுக்கு. மூட்டை தூக்குதவன் ரெண்டு நாள்ல மெக்கானிக்கு ஆயிட்டான்."

ஷூக்களைப் பூட்டி, ஸ்பிரிங்கை மாட்டி, டிரம்மை மூடினோம். மை போன அந்த ஓட்டை வழியாகவே ஏசுதாசன் திருப்புளியை விட்டு, சக்கரம் லேசாக உரசுகிற மட்டும் திருக்கினார். அண்ணாச்சி பக்கத்தில் குந்தியிருந்து அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குத்தான் விட்டிருக்கான்" என்றார் தனக்குள்.

வெயில் இறங்கின நேரத்தில் வண்டியை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். நேற்றைய இறக்கத்துக்கே போய்ப் பார்க்கவேண்டும் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். ஜைனப்பை வரவேண்டாம் என்றார் பரீது.

"இடிச்சது என் நெத்தி. பிடிக்குதா இல்லையான்னு நாந்தான் பாக்கணும்" என்று அவள் ஏறிக்கொண்டாள். அவளுக்கு அந்தப் பக்கம், வேன் வாங்கியதில் இருந்து முதல் தடவையாக, மஜீது அண்ணாச்சி கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தார். நான் பின்தொட்டியில் அவர் நிற்கிற இடத்தில் நின்றேன். முன்கூண்டின் பின்பக்கக் கண்ணாடி எப்போதோ உடைந்துபோனது, அதனால் அவர்கள் பேசுவது எனக்குக் கேட்டது.

ஐந்தருவிக்கு மேலே போய்த் திருப்பினோம். சாரல் தூவியது. இறக்கத்தில் பலாமரம் தெரிந்தது. மண்மேட்டில் நேற்றைய சக்கரத்தடம் அப்படியே இருந்தது, பக்கத்தில் ஒரு குரங்கு இன்னும் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"இங்கன மிதி" என்றார் அண்ணாச்சி.

பரீது மிதித்தார். கூரையில் இருந்த என் கை இறுகியது. வேன் வலதுக்கும் போகவில்லை, இடதுக்கும் போகவில்லை. மூக்கை நேராக வைத்துக்கொண்டு, லேசாக முனகி, நின்றது. புது லைனிங் சூடேறின வாசம் சாரலோடு கலந்து வந்தது.

ஜைனப் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"பிடிக்குது" என்றாள்.

பரீது ஸ்டீரிங்கைப் பார்த்தபடி சொன்னார். "அண்ணே, அந்த நானூத்திப் பன்னெண்டு. நீங்க கேட்டது தப்பில்ல. நாளைக்கு நம்பிராஜன் லோடு எடுத்துட்டம்னா, சாரல் முடியதுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமாத் தந்திருதேன்."

"போடே. அச்சுல போட்ட மையை எவனாவது வழிச்சுத் தான்னு கேப்பானா?"

"மச்சான்" என்றாள் ஜைனப், "காலையில இருந்து மண்ணெண்ணெய் வச்சு இவுக எல்லாரும் வழிச்சது பின்ன என்னதாம்?"

அண்ணாச்சி யோசித்தார். கண்ணாடிக்கு வெளியே குரங்கைப் பார்த்தார்.

"அது போடக்கூடாத எடத்துல போட்ட மை தாயி. அதை வழிச்சாச்சு. இந்தக் காசு போடவேண்டிய எடத்துல போட்டது. கேக்கமாட்டேன்."

பரீது பிரேக்கில் இருந்து காலை எடுத்தார். வேன் இறக்கத்தில் மெல்ல உருண்டது.